வேடிக்கை பார்ப்பது எப்படி: கிருஷ்ணகிரியில் சுவர் ஓவியமும் தெருக் காட்சியும் தேடுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுவது என் தொழில். கடை திறக்கப் பத்து மணி ஆகும். அதற்கு முன்னால் ஊரை ஒரு சுற்று சுற்றி வருவது பல வருஷப் பழக்கம். எந்தச் சுவரில் புதிதாக எழுதியிருக்கிறார்கள், எதை அழித்திருக்கிறார்கள், எந்த லாரிக்குப் பின்னால் என்ன படம் என்று பார்த்துக்கொண்டே போவேன். இதைக் கேள்விப்பட்டு, 'நானும் வரேண்ணா' என்று வந்தவர்கள் உண்டு. அக்கா மகன், கல்லூரிப் பிள்ளைகள், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு சனி ஞாயிறுக்கு ஊருக்கு வருகிறவர்கள். பெரும்பாலும் முதல் நாள் வெறுங்கையோடு திரும்புவார்கள். 'நம்ம ஊர்ல ஒண்ணும் இல்லண்ணா' என்பார்கள்.

எல்லோரும் ஒரே மாதிரிதான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் போனை எடுக்கிறார்கள், பிறகு இடத்தைத் தேடுகிறார்கள், நேரத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. கீழே நான் சொல்லும் வரிசை அதற்கு நேர் தலைகீழ். நேரம், பிறகு தெரு, பிறகு சுவர், பிறகு ஆள், கடைசியில் போன்.

1. முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கிளம்பாதீர்கள். நானே ஒரு தடவை மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அந்த நேரத்தில் காந்தி ரோட்டில் போய், ஷட்டர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும்போது சுவர் தட்டையாகிவிடும். எழுத்தின் தடிப்பு தெரியாது, உரிந்த இடம் தெரியாது, எல்லாம் ஒரே வெளிச்சமாகக் கண்ணைக் கூசும்.

காலை ஆறரை முதல் எட்டரை வரை சாய்வெயில். சுவரை உரசிக்கொண்டு வரும் அந்த வெளிச்சத்தில் பெயின்டின் விளிம்பு நிழல் போடும். மேலே நாலு கோட் வெள்ளை அடித்திருந்தாலும் அடியில் இருக்கும் பழைய எழுத்து புடைத்துத் தெரியும். மாலையில் நாலரைக்கு மேல் இதே வேலையை எதிர்த்திசை வெளிச்சத்தில் பார்க்கலாம். ஆகையால் சூரியனை நேராகப் பார்க்கும் சுவரை விட்டுவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் உரசும் சுவராகப் பாருங்கள். வடக்கு பார்த்த சுவரில் பெரும்பாலான மாதங்கள் நிழல்தான். எழுத்தைப் படிக்க அது நல்லது, புடைப்பைப் பார்க்க உதவாது.

காலை நேரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மனிதர்கள் அப்போதுதான் தெருவில் வேலை செய்கிறார்கள். வாசல் தெளிப்பது, கோலம் போடுவது, பேப்பர் பிரிப்பது, பூ கட்டுவது, மண்டிக்கு வண்டி வருவது எல்லாமே கடை திறப்பதற்கு முன்னால் முடிந்துவிடும்.

2. கையில் என்ன வேண்டும்

ஒரு சின்ன நோட்டு, பேனா, தண்ணீர், டீக்குச் சில்லறை. காலில் ஷூ, ஏனென்றால் நல்ல சுவர்கள் எல்லாம் சாக்கடை ஓரத்தில்தான் இருக்கின்றன. வண்டியை எங்காவது நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பைக்கில் போனால் கண் ரோட்டிலேயே இருக்கும், சுவர் வெறும் நிறமாக ஓடிவிடும்.

பெரிய கேமரா வேண்டாம். அதைப் பார்த்ததும் ஒன்று, டிவிக்காரர் என்று நினைத்து மனு கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ரோடு அகலப்படுத்த அளவெடுக்க வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள்.

நான்கு பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். ஐந்தாவது ஆள் வந்தால் அது ஊர்வலம். தெரு உடனே உங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடும்.

3. ஒரே ஒரு தெருவை எடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஊர் முழுவதையும் ஒரே காலையில் முடிக்கப் பார்ப்பார்கள். ஐந்து ரோடு ரவுண்டானாவில் ஆரம்பித்து, பழையபேட்டை போய், லண்டன்பேட்டை சுற்றி, சையத் பாஷா மலை அடிவாரம் வரை. கால் வலிதான் மிஞ்சும்.

கால் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அதையே நான்கு வாரம் போய்ப் பாருங்கள். எதிர்பாராதது என்று ஒன்று தெரிய வேண்டுமானால், எதிர்பார்ப்பது எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெருவில் தினமும் இருப்பது என்னவென்று மனப்பாடம் ஆன பிறகு, புதிதாக முளைத்த ஒரு கோடுகூடக் கண்ணில் குத்தும்.

எந்தத் தெரு? கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையம் கிடையாது. ஊருக்குள் வருவதும் போவதும் பஸ்ஸில்தான். அதனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து பிரியும் ஏதாவது ஒரு கிளைத்தெரு ஆரம்பத்துக்கு நல்லது. அதில் குறைந்தது ஒரு காலி மனைச் சுவர், ஒரு டீக்கடை, கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீடு இருக்க வேண்டும். காலி மனைச் சுவரில் யாராவது எழுதுவார்கள். டீக்கடையில் நிற்கலாம். கட்டுகிற வீட்டில் திருஷ்டி பொம்மை தொங்கும். வைக்கோல் அடைத்த பேன்ட் சட்டை, தலைக்குப் பானை, அதில் பிதுங்கிய கண்ணும் நீட்டிய நாக்கும். ஒவ்வொரு மேஸ்திரியும் ஒவ்வொரு மாதிரி கட்டுவார். போன வருஷம் ஒன்றுக்கு ஐடி கார்டு மாட்டியிருந்தார்கள்.

தர்மபுரியில் இருப்பவர்கள் நான்கு ரோடு பக்கம் ஒரு தெருவையோ, குமாரசாமிப்பேட்டையில் ஒரு தெருவையோ எடுத்துக்கொள்ளலாம். பட்டுக்கூடு அங்காடி பக்கமாக அமைந்தால் இன்னும் நல்லது. கூடு ஏலம் நடக்கும் நாளில் அங்கே விரல்களும் தலையசைப்பும் பேசிக்கொள்வதைப் பார்க்கவே ஒரு காலை போதாது.

4. சுவரைப் படியுங்கள்

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். நல்ல படம் எங்கே என்று தேடாதீர்கள். சுவரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

கீழ் இரண்டடியில் சாமி டைல்ஸ் இருக்கும். பிள்ளையார், இயேசு, மெக்கா மூன்றும் ஒரே வரிசையில். சிறுநீர் கழிக்காமல் இருக்க ஒட்டியது. எந்தெந்தச் சாமி, எந்த வரிசையில், எத்தனை அடிக்கு ஒன்று என்று பாருங்கள். வீட்டுக்காரரின் அனுபவம் அதில் இருக்கிறது. நெருக்கமாக ஒட்டியிருந்தால் அந்த மனிதர் நிறையப் பட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நடுவில் விளம்பரம். கட்சிக்காரர்கள் சுவர் பிடித்து வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் ஒன்றுமே இருக்காது. புதியவர்கள் இதை வெற்றுச் சுவர் என்று தாண்டிவிடுகிறார்கள். நான் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்பேன். அந்த வெள்ளைக்கு அடியில் போன தேர்தல், அதற்கு முந்தைய மஞ்சள் நீராட்டு விழா, அதற்கும் முந்தைய உரக் கம்பெனி எல்லாம் படுத்திருக்கும்.

அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மழை பெய்து நின்ற உடனே போங்கள். சுண்ணாம்பு நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அடியில் இருக்கும் பெயின்ட் எழும்பி வரும். போன ஐப்பசியில் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு சுவரில் இப்படி ஒன்றைப் பார்த்தேன். மேலே இருந்தது ஒரு கட்சியின் சின்னம். மழை விட்டதும் அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பல்பொடிக்காரரின் சிரிப்பு வந்தது. முதலில் பற்கள், பிறகு மீசை, பிறகு நீலத்தில் 'உறுதியான' என்று ஒரு சொல். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். வெயில் வந்து சுவர் காயக் காய மீசை போனது, பல் போனது. சின்னம் மட்டும் மறுபடி மிஞ்சியது. எமல்ஷன் அடித்த சுவரில் இந்த வேலை நடக்காது, சுண்ணாம்புச் சுவரில் மட்டும்தான்.

அடுத்தது கையெழுத்து. கையால் எழுதிய விளம்பரத்தின் வலது கீழ் மூலையில் 'ஆர்ட்ஸ்' என்று முடியும் ஒரு பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் ஒரே கையை ஊரின் பத்து இடங்களில் அடையாளம் கண்டுபிடிப்பீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் 'ழ'வைப் பாருங்கள். ஒவ்வொரு பெயின்டருக்கும் ஒரு 'ழ' உண்டு. ஒருவர் வாலை உள்ளே சுருட்டுவார், ஒருவர் நீட்டி அடிக்கோடாகவே இழுத்துவிடுவார். நிழல் எந்தப் பக்கம் போடுகிறார் என்பதும் மாறாது.

நம் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் சுவரில் கிடைக்கும். அதில் ஒரு வேடிக்கை: எழுதியவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கடைக்காரர் பேப்பரில் எழுதிக் கொடுப்பார், பெயின்டர் அதைப் பார்த்து வரைவார். அப்படி வரைந்த எழுத்தில் கோடுகள் எல்லாம் ஒரே தடிமனாக, கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கும். தெரிந்த மொழியில் எழுதும்போது கை ஓடும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

பொதுச் சுவர்களையும் விடாதீர்கள். மேல்நிலைத் தொட்டியில் கொள்ளளவும் சுத்தம் செய்த நாளும் எழுதியிருப்பார்கள். நாளை மட்டும் மாற்றி மாற்றி எழுத இடம் விடுவது வழக்கம். ஒரு ஊராட்சியில் அந்த நாளையும் சேர்த்தே எனாமல் பெயின்டில் அழகாக எழுதி, சுற்றிலும் பூ போட்டு முடித்துவிட்டார்கள். அந்தத் தொட்டிக்கு இனி வயதே ஆகாது. மைல்கல்லின் தலையைப் பார்த்தும் ரோட்டின் குலத்தைச் சொல்லலாம். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

டவுனை விட்டு வெளியே போனால் மரத்தடியில் பாதி புதைந்த கல்லில் வில்லோ வாளோ ஏந்திய வீரன் நிற்பான். மஞ்சள் குங்குமம் பூசி, வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். அது நடுகல். பக்கத்தில் டிரான்ஸ்பார்மர், பின்னால் உர விளம்பரம். அந்தக் கல்லைத் தொடாதீர்கள், படத்துக்காகப் பூசியதைத் துடைக்காதீர்கள், செருப்போடு கிட்டப் போகாதீர்கள். பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் 1978-ல் கண்டுபிடித்த வெள்ளை ஓவியங்களுக்கும் இதே விதிதான். தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புச் சுவரில் மழை செய்கிற வேலையைப் பாறையில் நாம் செய்யக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. இவ்வளவும் பார்த்தபின் கை துறுதுறுக்கும், நாமும் ஒன்று வரைந்தால் என்ன என்று தோன்றும். தமிழ்நாட்டில் திறந்தவெளி இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் 1959-லிருந்து இருக்கிறது. சுவருக்குச் சொந்தக்காரர் சம்மதிக்காமல் தூரிகையைத் தொட வேண்டாம்.

5. நில்லுங்கள்

சுவருக்கு நடக்க வேண்டும், காட்சிக்கு நிற்க வேண்டும். இந்த வித்தியாசம் பிடிபட எனக்கே பல வருஷம் ஆனது. நடந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு காட்சியிலும் நடுவில் நுழைந்து நடுவிலேயே வெளியேறுவீர்கள். ஒரு இடத்தில் நாற்பது நிமிடம் நின்றால் ஆரம்பமும் முடிவும் தானாக உங்கள் முன்னால் வரும்.

எங்கே நிற்பது? வண்டி வேகம் குறைக்கும் இடத்தில். வேகத்தடை, ரவுண்டானா, திருப்பம். அங்கே ஒரு டீக்கடை இருந்தால் உங்களுக்கு நிற்க ஒரு காரணமும் கிடைக்கும். முதல் பத்து நிமிடம் சலிப்பாக இருக்கும். அடுத்த பத்து நிமிடம் போனை எடுக்கத் தோன்றும். அதைத் தாண்டிவிட்டால் கண் தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும்.

ஒரு நாள் ரவுண்டானா பக்கம் முப்பத்தைந்து நிமிடம் நின்றேன், ஒன்றும் இல்லை. கூட வந்த பையன் கிளம்பலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்தது. பின்னால் ஆறடி உயரத்துக்கு ஒரு குழந்தையின் கட்அவுட், காதணி விழாவுக்கு அடித்தது, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கும்பிட்ட கை கொஞ்சம் தளர்ந்திருந்தது. வேகத்தடையில் ஏறியதும் குழந்தை போலீஸ்காரரைப் பார்த்துக் கையாட்டியது. போலீஸ்காரரும் அறியாமல் கையைத் தூக்கிவிட்டார். பையன் போனை எடுப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது. அவன் முகம் தொங்கிப்போனது. டீ மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'இரு தம்பி, இன்னும் ரெண்டு வரும். குடும்பத்துக்கே அடிச்சிருக்காங்க' என்றார். பத்து நிமிடத்தில் தாய்மாமன் வந்தார், கூலிங் கிளாஸோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி.

இதில் கவனிக்க வேண்டியது டீ மாஸ்டரை. ஒரே இடத்தில் நிற்கிறவருக்குத்தான் அடுத்து என்ன வரும் என்று தெரியும். அவரோடு பழகிக்கொள்ளுங்கள்.

மே முதல் ஜூலை வரை மாங்காய் மண்டிப் பக்கம் நிற்கலாம். தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் கிடக்கும்போது டிரைவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. அப்போது நடக்கிற சீட்டாட்டம், முடிவெட்டு, மாங்காய்க் குவியலின் மேல் தூக்கம் எல்லாம் தனி உலகம். ஏற்றுகிற இறக்குகிற ஆட்களின் வழியை மட்டும் மறைக்காதீர்கள். முதுகில் கூடை இருப்பவருக்கு உங்கள் ரசனை தெரியாது.

6. முதலில் பேச்சு, அப்புறம் போன்

'போட்டோ எடுக்கலாமா?' என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள், மீதிப் பேர் சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்பார்கள். 'அண்ணா, இது யாரு எழுதினது?' என்று ஆரம்பியுங்கள். சுவரைப் பற்றிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எழுதியவர் பெயர், கொடுத்த காசு, அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது எல்லாம் வரும். பழையபேட்டையில் ஒரு பாய், கடைப் பலகையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதற்கு உள்ளே போய் அவருடைய அப்பா காலத்துப் பலகையையே எடுத்து வந்து காட்டினார்.

நான் பட்ட ஒரு பாடு: ஒரு வீட்டு மதிலில் மயில் ஒன்று அருமையாக இருந்தது. கேட்காமல் நாலு படம் எடுத்தேன், அளவு தெரியட்டும் என்று கையை விரித்துச் சாண் வைத்தும் பார்த்தேன். வீட்டுக்காரர் வரி போட அளக்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். கடைசியில் அவர் ஸ்கூட்டருக்கு இலவசமாக நம்பர் ஒட்டிக் கொடுத்துத்தான் சமாதானம் ஆனது.

கோலம் போடும் பெண்களிடம், 'அக்கா, கோலத்தை மட்டும் எடுத்துக்கட்டுமா?' என்று கேட்டு, எடுத்ததைக் காட்டிவிட்டு நகருங்கள். நிழல்கூட விழாமல் எடுப்பது மரியாதை. குழந்தைகள், குளிக்கிற இடம், ஆஸ்பத்திரி, சாவு வீடு, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் வளாகம் எதிலும் போனை எடுக்காதீர்கள்.

7. நகரும் ஓவியங்கள்

தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டிப் போகிறது. லாரி ஓவியத்துக்கு இதைவிட நல்ல கூடம் கிடையாது. ஆனால் ஹைவே ஓரம் நின்று பார்ப்பது முட்டாள்தனம். படம் ஓடிவிடும், உயிருக்கும் ஆபத்து. லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போங்கள். பஞ்சர் கடை, டிங்கர் பட்டறை, சர்வீஸ் ரோட்டு டீக்கடை.

பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். டீசல் டேங்க், மட்கார்டு, கேபின் கதவின் உள்பக்கம், பின்னால் நாக்கு நீட்டும் திருஷ்டி முகம் எல்லாவற்றிலும் வேலை இருக்கும். நம் பக்க லாரிகள் பலவற்றுக்கு நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில்தான் பாடி கட்டுகிறார்கள், அங்கேயே பெயின்டும் அடித்துவிடுவார்கள். பிறகு சேர்ந்தவை டிரைவரின் சொந்த ரசனை.

கையால் எழுதியதா, எங்களை மாதிரி ஆட்கள் வெட்டி ஒட்டியதா என்று கண்டுபிடிக்க எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஸ்டிக்கர் வெயிலில் சுருங்கி, சுற்றிலும் மெல்லிய அழுக்குக் கோடு விட்டிருக்கும். தூரிகை எழுத்தில் கோடு முடியும் இடத்தில் பெயின்ட் கொஞ்சம் திரண்டு நிற்கும். தொழில்காரன் சொல்கிறேன், தூரிகைதான் அழகு.

தை, மாசியில் எருது விடும் விழா. காளையின் கொம்பில் கட்டும் தட்டியில் சாமி, நடிகர், தலைவர் எல்லோரும் இருப்பார்கள். ஜிகினா, பலூன், துணி என்று அது ஒரு சின்னத் தேர். விழாவன்று நீங்கள் பார்ப்பது புழுதியை மட்டும்தான். முந்தைய நாள் மாலை மாட்டுக்காரர் வீட்டுக்குப் போங்கள், தட்டி கட்டுவதை நிதானமாகப் பார்க்கலாம். விழாவன்று மொட்டை மாடியை விட்டு இறங்காதீர்கள். நல்ல படத்துக்காகத் தடுப்பைத் தாண்டிக் குதித்து, இடுப்பு உடைந்தவர்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி. சந்தைக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே போய்விடுங்கள்.

8. ஒரு நாள்தான் இருக்கும்

நம் பக்கத்துப் பெரிய தெரு ஓவியம் சுவரில் இல்லை, தரையில் இருக்கிறது. சித்திரை தொடங்கி திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். கடைசி நாள் படுகளத்துக்கு, அதாவது துரியோதனன் விழும் காட்சிக்கு, மண்ணால் துரியோதனனைச் செய்வார்கள். மல்லாந்து படுத்திருப்பான், லாரியைவிட நீளமாக. பெரிய கண், முறுக்கிய மீசை, மார்பில் நகை. கூத்து முடிந்து திரௌபதி கூந்தலை அள்ளி முடிந்ததும் உருவம் சிதைந்துவிடும், ஆளுக்கொரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

எல்லோரும் செய்கிற தவறு, படுகளம் நடக்கும் நேரத்துக்குப் போவது. கூட்டத்தில் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். உருவம் செய்யும்போது போங்கள். மண்ணைக் குழைத்து மூக்கு வைப்பதும், கலர்ப் பொடி தூவுவதும், ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டு 'மீசை போதாது' என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் அப்போதுதான் கிடைக்கும். கூத்துக்காரர்கள் வேஷம் கட்டும் இடத்துக்குள் போக வேண்டுமானால் வாத்தியாரிடம் கேளுங்கள். முகம் பாதி எழுதியிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மாசி அமாவாசையை ஒட்டி வரும் மயானக் கொள்ளைக்குக் காவேரிப்பட்டணம் போகலாம். காளி வேஷம் கட்டியவர்கள் ஊர்வலத்துக்கு முன்னால் ரோட்டோரம் உட்கார்ந்து இளநீர் குடிக்கும் நேரம்தான் எனக்குப் பிடித்தது. மார்கழியில் கோலத்துக்கு ஐந்தரைக்கே எழுந்துவிடுங்கள், எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் ஏறிவிடும். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் ஜெராக்ஸ் மிஷினுக்கு வைத்த சந்தனப் பொட்டையும், ரோட்டில் உடைத்த பூசணியின் பாதி முகத்தையும் பார்க்கலாம். வண்டியில் வருகிறவர்கள் பூசணிச் சதையில் சறுக்காமல் வாருங்கள்.

9. குறித்து வைக்கும் முறை

முதல் படம் தூரத்திலிருந்து, பக்கத்துக் கடைப் பலகையும் தெரியும்படி. இரண்டாவது நேராக. மூன்றாவது கிட்டத்தில். தூரப் படம் இல்லாமல் கிட்டப் படம் மட்டும் எடுத்தவர்கள் ஆறு மாதம் கழித்து, 'இது எங்கே எடுத்தேன்?' என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

நோட்டில் தேதி, நேரம், சுவர் பார்க்கும் திசை, எழுத்து அப்படியே, பிழையோடு. பிழையைத் திருத்தி எழுதினால் பாதிச் சுவை போய்விடும். வெளியே பகிரும்போது வீட்டு எண், கைபேசி எண், வண்டி நம்பர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிழையைக் காட்டி எழுதியவரைக் கேலி செய்யாதீர்கள். அவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு எழுதியது அது.

'நாளைக்கு வெளிச்சம் நல்லா இருக்கும், அப்ப எடுத்துக்கலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். தேர்தல் அறிவித்தால் ஒரே இரவில் சுவர்களை வெள்ளையடித்துவிடுவார்கள். இரண்டு யானைகள் முட்டிக்கொள்ளும் ஒரு பழைய சிமென்ட் விளம்பரத்தை நான் அப்படித்தான் இழந்தேன். அதன் பிறகு மோசமான வெளிச்சத்திலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

10. பெங்களூருக்குப் போகும்போது

தொண்ணூறு கிலோமீட்டர்தான். ஆனால் இங்கே பழகாமல் நேராக அங்கே போகாதீர்கள். அங்கே சுவர் அதிகம், அதனால் குழப்பமும் அதிகம்.

எல்லோரும் படம் எடுக்கும் பெரிய சுவரோவியங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னை கண்ணகி நகர் மாதிரி திட்டம் போட்டு வரைந்தவை எங்கேயும் போய்விடாது. கைநழுவிப் போகிறவற்றை முதலில் பாருங்கள். பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர் 2015-ல் பெங்களூரு ரோட்டுப் பள்ளம் ஒன்றில் முதலையைக் கொண்டுவந்து வைத்தார். 2019-ல் குண்டும் குழியுமான ரோட்டை நிலாவாக்கி, விண்வெளி உடையில் ஒருவரை நடக்கவிட்டுப் படம் பிடித்தார். பள்ளத்தை மூடினால் அந்த வேலையும் முடிந்தது. அதனால் அங்கே அழகான தெருவைத் தேடாமல், ரிப்பேரான தெருவைத் தேடுங்கள். தோண்டிப்போட்ட நடைபாதை, மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரம், இடிக்கக் காத்திருக்கும் கட்டடம்.

காலை நாலரை பஸ்ஸைப் பிடித்தால் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கு முன்னால் ஊருக்குள் நுழைந்துவிடலாம். நேராக சிட்டி மார்க்கெட்டுக்குப் போங்கள். பூ மூட்டைகள் இறங்குவது விடியலோடு ஓய ஆரம்பித்துவிடும். அங்கே நம் பக்கத்து ஆட்களைக் கட்டாயம் பார்ப்பீர்கள். ராயக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வந்த டிரைவரிடம், 'அண்ணா, எந்த ஊரு?' என்று கேட்டால் போதும். எந்தச் சந்தில் என்ன வேடிக்கை என்று அவரே சொல்லிவிடுவார், திரும்பி வரும்போது வண்டியில் இடமும் இருக்கும்.